வாயிற் காவலும் பத்து டொலர்ப் பெட்டியும்

பழைய நகரங்களின் வரலாற்றை ஆராய்வோர் மதிலின் உயரத்தை அளந்ததோடு அமைந்துவிடுவதில்லை. மதிலுக்கு வாயில்கள் எத்தனை, ஒவ்வொரு வாயிலையும் காத்தவர் யாவர், இரவிற் கதவடைக்கும் பொறுப்பு எவருக்கு இருந்தது என்பவற்றையும் வினவுவர். மதில் ஓங்கி நிற்கவும் வாயிற் காவல் சோர்ந்தமையால் வீழ்ந்த நகரங்களை வரலாறு அறியும். இக்காலத்தில் ஒரு நாட்டின் செல்வம் பெரும்பாலும் பொற்குவியலாகக் கிடப்பதில்லை. அது கணினிகளில் எண்களாகப் பதிந்து, கம்பிகளின் வழியே செய்திகளாக ஓடுகின்றது. அச்செல்வத்துக்கும் வாயில்கள் உள. அவ்வாயில்களைக் காக்கும் கருவிகளுள் ஒன்று வலையமைப்பு ஆளி என்பது. ஆங்கிலத்தில் இதனைச் சுவிட்ச் என்பர். 2016ஆம் ஆண்டில் ஒரு நாட்டின் மத்திய வங்கியிற் பெருங்கொள்ளை நிகழ்ந்தபொழுது, உலகப் பத்திரிகைகள் அக்கருவியைப் பற்றியும் எழுத நேர்ந்தது. அக்கொள்ளையின் ஒரு பகுதி இலங்கையின் வாயில்வரை வந்து திரும்பியது. ஆதலின், அந்த ஆளியின் வரலாறு இந்நாட்டு நேயர்களும் அறியத்தக்கதாகும்.

ஆளி என்றவுடன் சுவரிலே விளக்கை ஏற்றவும் அணைக்கவும் பொருத்தப்படும் பொறி நினைவுக்கு வருதல் இயல்பு. இங்கே கூறப்படுவது வேறு. ஒரு கந்தோரிலோ பாடசாலையிலோ உள்ள கணினிகள் யாவற்றையும் கம்பிகளால் ஒன்றிணைக்கும் சிறு பெட்டி அது. அதன் முகப்பிலே வரிசையாகப் பல துளைகள் காணப்படும். அவை வாயில்கள் எனப்படும். ஒவ்வொரு வாயிலிலும் ஒவ்வொரு கணினியின் கம்பி வந்து பொருந்தும். ஒரு கணினி மற்றொன்றுக்கு அனுப்பும் செய்தியை வாங்கி, உரிய வாயிலைத் தேர்ந்து சேர்ப்பிப்பதே அப்பெட்டியின் தொழில். தபாற் கந்தோரிற் கடிதங்களைப் பிரித்து உரிய அறைகளில் இடும் ஊழியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம்.

இப்பெட்டி தோன்றுமுன் கணினிகள் எவ்வாறு உரையாடின? 1973ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ அல்ற்றோ நகரில், செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திலே ரொபேர்ட் மெட்கஃப், டேவிட் பொக்ஸ் என்னும் இருவர் ஒரு முறையை வகுத்தனர். ஈதர்நெட் என்பது அதன் பெயர். ஒரே தடித்த கம்பி. அதிலே பல கணினிகள். ஒரு கணினி பேசினால் அச்செய்தி கம்பி முழுவதும் பரவும். எல்லாக் கணினிகளுக்கும் அது கேட்கும். தன் முகவரி பொறித்த செய்தியைக் கணினி ஏற்கும், பிறருக்குரியதைக் கைவிடும். ஒளியைத் தாங்கிச் செல்வதாகப் பண்டைய விஞ்ஞானிகள் கற்பித்த ஈதர் என்னும் பொருள் எங்கும் நிறைந்திருப்பதுபோல, இக்கம்பியும் எல்லார்க்கும் பொதுவாக விளங்கியமையால் அப்பெயர் பெற்றது.

1980ஆம் ஆண்டில் டிஜிட்டல், இன்டெல், செரொக்ஸ் என்னும் மூன்று நிறுவனங்கள் இம்முறையின் விதிகளை வெளியிட்டன. 1983இல் அது மின்னியல் பொறியியலாளர் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற நியமமாயிற்று. சிக்கனமும் எளிமையும் உடைய அம்முறை விரைவிற் பரவியது. ஆனால் அதன் அடிப்படையிலே ஒரு நம்பிக்கை இருந்தது. பிறருக்குரிய செய்தியை எவரும் உற்றுக் கேளார் என்பதே அந்நம்பிக்கை. ஒரே கூடத்தில் அமர்ந்த பலர் உரத்த குரலிற் பேசிக்கொண்டு, ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கமாட்டார் என்று எண்ணுவதை ஒக்கும் அது. ஆராய்ச்சியாளர் சிலர் கூடியிருந்த நிலையத்திலே அந்நம்பிக்கையாற் கேடு விளையவில்லை. வங்கிகளும் அரசாங்கக் கந்தோர்களும் அதே முறையைக் கைக்கொண்டபொழுது நிலைமை மாறியது. கேட்க விரும்பியவன் தன் கணினிக்கு, எல்லாச் செய்தியையும் ஏற்றுக்கொள் என்று பணித்தால் போதும். அயலாரின் கடவுச்சொல்லும் அவன் கைக்கு வந்துவிடும்.

1990ஆம் ஆண்டில் கல்பனா என்னும் இந்தியப் பெயர் பூண்ட ஓர் அமெரிக்க நிறுவனம் ஏழு வாயில்கள் கொண்ட ஈதர்நெட் ஆளியை விற்பனைக்குக் கொணர்ந்தது. எந்த முகவரி எந்த வாயிலில் உள்ளது என்பதைச் செய்திகளின் போக்கைக் கொண்டே அது கற்றறிந்து, ஓர் அட்டவணையிற் பதித்துக்கொள்ளும். பின்னர் வரும் செய்தியை உரிய வாயிலுக்கு மட்டுமே செலுத்தும். நெரிசலைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதே அதன் நோக்கம். எனினும், அயலார் செய்தி அயலாருக்குக் கேளாமற் போனமையால் ஒருவகைப் பாதுகாப்பும் உடன் கிடைத்தது. 1994இல் சிஸ்கோ என்னும் பெருநிறுவனம் கல்பனாவை விலைக்கு வாங்கியது. அதன்பின் ஆளிகள் உலகெங்கும் பெருகின.

தற்செயலாகக் கிடைத்த அப்பாதுகாப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆளியின் அட்டவணைக்கு ஓர் அளவு உண்டு. பொய் முகவரிகளை ஆயிரக்கணக்கில் விரைந்து அனுப்பினால் அட்டவணை நிரம்பிவிடும். நிரம்பியபின், இன்னது இன்னவாயிலுக்கு உரியது என்று அறியமாட்டாத ஆளி, வரும் செய்தியை எல்லா வாயில்களுக்கும் பரப்பும். பழைய பொதுக் கம்பியின் நிலை மீண்டும் வந்துவிடும். 1990களின் முடிவில் இச்சூழ்ச்சி பலரும் அறிந்ததாயிற்று. ஆளியைச் செய்தவர்கள் அதற்கு மாற்றுக் கண்டனர். ஒரு வாயிலுக்கு இத்தனை முகவரிகளே உண்டு என்று வரையறுத்து, அவ்வரையறை மீறப்பட்டால் அவ்வாயிலை உடனே மூடிவிடுமாறு ஆளியைப் பணித்துவைக்கலாம். ஆனால் பணித்துவைக்க ஒருவர் வேண்டும்.

இவ்விடத்தேதான் ஆளிகள் இருவகைப்பட்டன. ஒருவகை, விலை மலிந்த எளிய ஆளி. கம்பியைச் செருகியவுடன் அது வேலை செய்யும், எவர் கட்டளையையும் ஏற்காது, வந்தவரை வினவாது. மற்றையது முகாமை செய்யத்தக்க ஆளி. அதற்கு ஒரு சிறு கணினியின் அறிவு உண்டு. பொறுப்பாளர் அதனுள் நுழைந்து, எதனை அனுமதிப்பது, எதனை மறுப்பது, எதனைப் பதிந்துவைப்பது என்று கட்டளையிடலாம். தோற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரியான பெட்டிகளே. விலையிலே வேறுபாடு பெரிது. முன்னதைப் பத்து டொலருக்கும் பெறலாம். பின்னதற்குச் சில நூறு டொலரோ அதற்கு மேலோ கொடுக்க நேரும்.

முகாமை ஆளிக்கு இடப்படும் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு வரலாறு உண்டு. அவற்றுட் சிலவற்றை நோக்குவது பயன் தரும்.

முதலாவது, பொறுப்பாளர் ஆளிக்குள் நுழையும் வழி. தொலைவிலிருந்து கணினிக்குக் கட்டளையிட 1969ஆம் ஆண்டு முதல் டெல்நெட் என்னும் முறை வழங்கியது. அதிலே கடவுச்சொல் மறைப்பின்றி, திறந்த தபாலட்டையில் எழுதியதுபோலச் செல்லும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வலையமைப்பிலே எவரோ ஒற்றிருந்து கடவுச்சொற்களைத் திரட்டினர். அதனைக் கண்ட தாது இலோனென் என்னும் ஆராய்ச்சியாளர், செய்தி முழுவதையும் மறைமொழியாக்கி அனுப்பும் புதிய முறையொன்றை அவ்வாண்டிலேயே இயற்றினார். எஸ்.எஸ்.எச். எனப்படுவது அதுவே. ஆதலின் டெல்நெட்டை அடைத்து எஸ்.எஸ்.எச்.சைத் திறத்தல் ஆளிக்கு இடவேண்டிய முதற் கட்டளைகளுள் ஒன்றாகும்.

இரண்டாவது, தொழிற்சாலையிலிருந்து ஆளியோடு வரும் கடவுச்சொல். அது விற்பனைப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து அறிவதற்கென 1988இல் வகுக்கப்பட்ட முறையிலும், கேட்போரை அடையாளம் காணப் ‘பப்ளிக்’ என்னும் சொல்லே பெரும்பாலான கருவிகளில் இயல்பாக வைக்கப்பட்டிருந்தது. பொதுமக்கள் என்று பொருள்படும் சொல்லே திறவுகோலாக அமைந்தது நகைப்புக்குரியது. அதனை மாற்றாது விட்ட இடங்களில் அச்சொல் உண்மையாகவே பொதுமக்களுக்கு வழிதிறந்தது.

மூன்றாவது, பயன்படாத வாயில்களை மூடுதல். ஒரு கூட்ட மண்டபத்தின் சுவரிலே எவரும் பயன்படுத்தாத வாயிலொன்று திறந்திருப்பின், அங்கு வந்த அந்நியர் தம் கருவியை அதிற் பொருத்திக்கொள்ளலாம். இதற்காகவே 2001இல் ஒரு நியமம் வெளியாயிற்று. அதன்படி வாயிலிற் பொருந்தும் ஒவ்வொரு கருவியும் தான் இன்னாரென்று முதலில் நிறுவுதல் வேண்டும். நிறுவாத கருவிக்கு வழி கிடையாது.

நான்காவதே யாவற்றினும் தலையாயது. அது பிரித்துவைத்தல். ஒரே பெட்டியிற் பொருந்திய கணினிகளையும் தனித்தனி அறைகளில் இருப்பனபோலப் பகுத்துவிடும் ஆற்றல் முகாமை ஆளிக்கு உண்டு. கணக்குப் பகுதியார் ஓர் அறையிலும், விருந்தினர் ஓர் அறையிலும், பணம் அனுப்பும் பொறிகள் பிறிதோர் அறையிலும் இருப்பதாக அது கொள்ளும். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல வேண்டுமாயின் காவலுள்ள கதவொன்றைக் கடந்தே செல்லல் வேண்டும். இம்முறையை விலான் என்பர். இதற்குரிய பொது நியமம் 1998இல் வெளியாயிற்று. ஐந்தாவது, நடந்தவற்றைப் பதிந்துவைத்தல். எக்கருவி எந்நேரம் எவ்வாயிலிற் பொருந்தியது, யார் நுழைந்தார், யார் நுழைய முயன்று தோற்றார் என்பவற்றை ஆளி எழுதி, வேறொரு கணினிக்கு அனுப்பிவைக்கும். கள்வன் ஆளியை வசப்படுத்தினும், முன்னரே அனுப்பப்பட்ட குறிப்பு அவன் கைக்கு எட்டாது.

இவை யாவும் 2001ஆம் ஆண்டுக்குள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிற்காலத்து மத்திய வங்கி எதுவும் இவற்றுக்காகப் புதியதொரு கண்டுபிடிப்பை எதிர்நோக்க வேண்டியிருக்கவில்லை. இதனை மனத்தில் இருத்தியே பங்களாதேஷ் வங்கியின் கதையைக் கேட்டல் வேண்டும்.

டாக்கா நகரிலுள்ள பங்களாதேஷ் வங்கி அந்நாட்டின் மத்திய வங்கி. அதன் இணைப்புக் கட்டடத்தின் எட்டாம் மாடியிலே, சாளரமற்ற சிறு அறையொன்று; நீளம் 12 அடி, அகலம் 8 அடி. உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று பணக் கட்டளை அனுப்பும் சுவிஃப்ட் என்னும் அமைப்போடு தொடர்புடைய கணினிகள் அவ்வறையில் இருந்தன. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கியில் வைக்கப்பட்டிருந்த அந்நாட்டுச் சேமிப்பை இயக்கும் கட்டளைகள் அங்கிருந்தே சென்றன. 2015ஆம் ஆண்டு சனவரியில், வேலை தேடும் ஒருவர் எழுதியதுபோன்ற மின்னஞ்சல்கள் வங்கி அலுவலர் சிலருக்கு வந்தன. அவற்றைத் திறந்த கணினிகளின் வாயிலாகக் கள்வர் உட்புகுந்தனர். ஏறத்தாழ ஓராண்டு ஓசையின்றி உள்ளேயே இருந்தனர். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து, 2016 சனவரி இறுதியிற் சுவிஃப்ட் கணினிகளை அடைந்தனர்.

2016 பெப்ரவரி 4ஆம் நாள், வியாழன் இரவு. கள்வர் அக்கணினிகளிலிருந்து நியூயோர்க்குக்கு 35 கட்டளைகளை அனுப்பினர். அவற்றின் மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடியே 10 இலட்சம் டொலர். வெள்ளிக்கிழமை பங்களாதேஷில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டை முன்னிட்டுப் பிலிப்பைன்ஸ் நாட்டில் விடுமுறை. கட்டளைகளைத் தானாக அச்சிட்டுக் காட்டும் பொறியையும் கள்வர் செயலிழக்கச் செய்திருந்தனர். ஐயுற்ற நியூயோர்க் வங்கி 30 கட்டளைகளை நிறுத்தியது. ஐந்து மட்டும் தப்பின. நான்கு கட்டளைகளின்படி 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் தலைநகர்ப் பகுதியிலுள்ள ஒரு வங்கிக் கிளைக்குச் சென்று, சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்தது.

ஐந்தாவது கட்டளை இலங்கைக்கு உரியது. இந்நாட்டிலிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரால் 2 கோடி டொலர் அனுப்பப்பட்டது. அறநிலையத்தைக் குறிக்கும் ‘பவுண்டேஷன்’ என்னும் சொல் அக்கட்டளையிலே ‘பண்டேஷன்’ எனப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. எழுத்துப் பிழையும் தொகையின் பெருமையும் வங்கியாளரிடையே ஐயத்தை எழுப்பின. விசாரணை நிகழ்ந்தது, பணம் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. ஓர் எழுத்தை உற்று நோக்கிய கண் 2 கோடி டொலரைக் காத்தது. இயந்திரங்கள் பல கடந்துவந்த பொய்யை மனிதரின் கவனம் ஒன்று தடுத்தது என்பது எழுத்தறிவிக்கும் தொழிலில் உள்ளோர்க்கு உவப்பளிக்கும் செய்தியாகும்.

அவ்வாண்டு ஏப்ரலிலே, பங்களாதேஷ் காவற்றுறையின் குற்றப் புலனாய்வுப் பகுதியைச் சேர்ந்த ஓர் அதிகாரி ரொய்ட்டர் செய்தி நிறுவனத்துக்குக் கூறியவை உலகை வியப்பில் ஆழ்த்தின. வங்கியின் சுவிஃப்ட் கணினிகளைக் காக்கும் தீச்சுவர் என்னும் தடுப்பு இருக்கவில்லை. அவற்றை இணைத்திருந்தவை பிறர் பயன்படுத்திக் கழித்த, பத்து டொலர் பெறுமதியுள்ள ஆளிகள். முகாமை ஆளிகளைப் பயன்படுத்தியிருப்பின் சுவிஃப்ட் அறையை ஏனைய வலையமைப்பிலிருந்து பிரித்துவைத்திருக்கலாம் என்றார் அவர். கள்வர் செய்தவற்றையும் வந்த வழியையும் கண்டறிவதற்கும் அக்குறைபாடு இடையூறாயிற்று என்றும் கூறினார். வங்கியின் பேச்சாளரும் ஆளி பழையது, மாற்றப்பட வேண்டியது என ஒப்புக்கொண்டார். அக்குறைக்குப் பொறுப்பாளர் யார் என்பதிற் பிணக்கு எழுந்தது. காவற்றுறையினர் சுவிஃப்ட் அமைப்பின் தொழில்நுட்பரையும் குறைகூறினர். அவ்வமைப்பு அதனை மறுத்தது. வங்கியின் ஆளுநர் மார்ச் 15ஆம் நாள் பதவி விலகினார். நவம்பரில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டொலர் பங்களாதேஷுக்கு மீண்டது. 2018இல் அமெரிக்க நீதித் திணைக்களம், வட கொரிய அரசின் சார்பிற் செயற்பட்டவர் எனக் கூறி ஒருவர்மீது குற்றஞ்சாட்டியது.

நல்ல ஆளி ஒன்று இருந்திருந்தால் கொள்ளை நிகழ்ந்தேயிராது என்று துணிந்து கூறுதல் தகாது. அக்கள்வர் கைதேர்ந்தவர், வேறு வழியும் தேடியிருப்பர். ஆயினும், ஒரு கணினியிலே கால்வைத்தவன் அங்கிருந்து கருவூலம்வரை தடையின்றி நடந்துசெல்ல முடிந்ததற்கு இடையிலே அறைகள் இல்லாமையே காரணம். இடையில் ஒரு கதவு இருந்திருப்பின் அவன் அதனை உடைக்க வேண்டியிருந்திருக்கும். உடைக்கும் ஓசை எவர் காதிலேனும் விழுந்திருக்கலாம். அறை பிரித்தலும் குறிப்பு எழுதுதலும் தரும் பயன் இதுவே. ஒன்று கள்வனைத் தாமதிக்கச் செய்யும். மற்றது அவன் சுவட்டைக் காட்டும்.

விலை உயர்ந்த பெட்டியை வாங்கிவைத்தால் அமையும் என்று கருதுவோர்க்கு 2017ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று விடையளிக்கும். அவ்வாண்டு மார்ச்சிலே, அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனத்துக்குரியன எனப்பட்ட ஆவணங்கள் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளியாயின. அவற்றை ஆராய்ந்த சிஸ்கோ நிறுவனம், தன் ஆளிகளுள் 300க்கு மேற்பட்ட வகைகளில் ஒரு பெருங்குறை இருப்பதைக் கண்டு அறிவித்தது. டெல்நெட் வழியே வரும் அந்நியர் கடவுச்சொல் இன்றியே அவ்வாளிகளை முற்றாக ஆட்கொள்ளக்கூடும். அவை பத்து டொலர்ப் பெட்டிகள் அல்ல. பெருநிறுவனங்கள் நம்பி வாங்கிய முகாமை ஆளிகள். திருத்தம் வெளிவருமுன் அந்நிறுவனம் கூறிய பரிகாரம் யாதெனில், டெல்நெட்டை அடைத்துவிடுக என்பதே. 1995ஆம் ஆண்டின் பாடத்தைக் கற்று அவ்வாயிலை முன்னரே அடைத்திருந்தவர்களை அக்குறை தீண்டவில்லை. அடையாதவர்களுக்கு, அவர்கள் கொடுத்த விலை காவலாகவில்லை.

கட்டளை பெறாத முகாமை ஆளி எளிய ஆளியைப் போலவே வந்தவரையெல்லாம் உள்ளே விடும் என்பதும் இதனாற் பெறப்படும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடும் திறந்த வாயில்களோடும் பிரிக்கப்படாத அறைகளோடும் அது சுவரிலே தொங்குமாயின், பத்து டொலர்ப் பெட்டிக்கும் அதற்கும் விலைச்சீட்டில் மட்டுமே வேறுபாடு. மேலும் இக்கட்டளைகளை ஒருமுறை இட்டுவிட்டு மறந்துவிடுதலும் கூடாது. ஊழியர் மாறுவர், புதிய கருவிகள் வரும், புதிய குறைகள் வெளிப்படும். ஆளியின் உள்ளீடான நிரலுக்கு அவ்வப்பொழுது திருத்தங்கள் வெளியாகும். அவற்றை ஏற்றுதலும், திறந்திருக்கும் வாயில்களைக் காலந்தோறும் எண்ணிப் பார்த்தலும், எழுதப்பட்ட குறிப்புகளை எவரேனும் வாசித்தலும் காவலின் பகுதிகளேயாம். வாசிக்கப்படாத குறிப்பேடு காவலுக்கு உதவாது.

இந்நாட்டிலும் வங்கிகள், வைத்தியசாலைகள், பாடசாலைகள், பிரதேச செயலகங்கள் யாவும் இன்று இத்தகைய பெட்டிகளையே நம்பி இயங்குகின்றன. பல இடங்களில் அப்பெட்டி அலுமாரி ஒன்றின் பின்னே தூசு படிந்து கிடக்கும். அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் யார், அதனைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார் என்று வினவினால் விடை கிடைத்தல் அரிது. பொறுப்பிலுள்ளோர் இவ்வினாவை எழுப்பத் தொழில்நுட்பப் புலமை வேண்டியதில்லை. திறவுகோல் யாரிடம் உள்ளது என்று கேட்கும் வழக்கம் போதும். 2016இல் இலங்கைக்கு வந்த பொய்க் கட்டளை ஓர் எழுத்துப் பிழையாற் பிடிபட்டது. அடுத்த கள்வன் எழுத்துப் பிழை விடுவான் என்று எவரும் நம்பியிருக்க இயலாது. ஆதலின் அவரவர் கந்தோரில் அலுமாரிக்குப் பின்னே உள்ள அப்பெட்டியைத் தேடிக் கண்டு, அதன் வாயில்களை எண்ணி, வேண்டாதனவற்றை இன்றே அடைத்துவைத்தல் நன்று.